வீட்டில் குழந்தைகள், கையில் பூச்சி மருந்துத் தொழில்: புதிதாக இறங்குபவர்களுக்கு

பூச்சிக் கட்டுப்பாடும், வீடுகளுக்குள் புகுந்துவிட்ட வன உயிர்களை வெளியேற்றுவதும் எங்கள் குடும்பத் தொழில். நானும் என் கணவரும் இதைத் தொடங்கியபோது மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு ஏழு மாதம். மருந்து அடிப்பது எப்படி என்று பயிற்சியில் நன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். மருந்து அடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் என்னென்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதைத் தட்டுத் தடுமாறித்தான் கற்றோம். இன்று முதலிலிருந்து தொடங்குவதாக இருந்தால் எந்த வரிசையில் செய்வோமோ, அந்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதல் மருந்துப் புட்டியை வாங்கும் முன் இடத்தைப் பிரியுங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் ஸ்பிரேயரையும் மருந்தையும் வாங்கிவிட்டு, அப்புறம் எங்கே வைப்பது என்று யோசிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். முதலில் வேண்டியது பூட்டுப் போடும் ஒரு தனி அறை அல்லது இரும்பு அலமாரி. வீட்டின் உள்பகுதியோடு காற்று கலக்காத இடமாக, தனியாகக் காற்றோட்டம் உள்ளதாக இருக்க வேண்டும். உயரமான தட்டில் வைத்திருக்கிறேன், குழந்தைக்கு எட்டாது என்று நினைக்காதீர்கள். மூன்று வயதுக் குழந்தை நாற்காலியை இழுத்துக்கொண்டு வரும். பூட்டு இருந்தால்தான் பாதுகாப்பு.

உள்ளே அடுக்கும்போது தூள் வகைகள் மேலே, திரவங்கள் கீழே. திரவம் ஒழுகினாலும் தூளில் கலக்காது. எலிக் கட்டிகளையும் (எலி தின்பதற்காக வைக்கும் நஞ்சுக் கட்டி) கரப்பான் ஜெல்லையும் வாடை வீசும் மருந்துகளோடு வைக்காதீர்கள். அந்த வாடை ஏறிவிட்டால் எலியும் கரப்பானும் அதைத் தொடாது. எந்த மருந்தையும், அரை மூடி அளவு என்றாலும், தண்ணீர் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தைகள் மருந்தைக் குடித்துவிடும் விபத்துகளில் இது மிகப் பழைய காரணம், இன்றும் நடக்கிறது.

அடுத்தது வண்டி. மருந்து ஏறும் வண்டியில் குழந்தை ஏறக் கூடாது. ஒரே வண்டியை வைத்து இரண்டையும் சமாளிக்கலாம் என்று முதல் வருடம் நினைத்தோம். காலையில் மருந்துப் பெட்டி, மாலையில் குழந்தை இருக்கை. துடைத்தால் போதும் என்ற நம்பிக்கை. ஆனால் துணி இருக்கையில் ஊறியதைத் துடைத்து எடுக்க முடியாது. புதிய இயந்திரம் வாங்க வைத்திருக்கும் பணத்தில் பழைய வண்டி ஒன்றை வாங்குங்கள். இயந்திரம் ஆறு மாதம் காத்திருக்கலாம். அதுவும் முடியாது என்றால், மருந்துகள் மூடிய பெட்டியில், ஆட்கள் உட்காரும் பகுதிக்கு வெளியே மட்டும் பயணிக்கட்டும்.

மூன்றாவது, வாசலிலிருந்து குளியலறை வரையிலான வழி. காலணி வெளியே. வேலை உடை வெளியிலேயே ஒரு மூடி போட்ட வாளியில். பிறகு குளியல். அதற்குப் பிறகுதான் குழந்தை. சொல்வது எளிது, கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் "அப்பா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையைத் தடுப்பது கஷ்டம். எங்களுக்குப் பலன் தந்தது ஒரு போன். தெருமுனையிலிருந்தே கணவர் கூப்பிட்டு, "வந்துட்டேன், இன்னும் பத்து நிமிஷம்" என்பார். நான் பிள்ளைகளை உள்அறைக்கு அழைத்துப் போய்விடுவேன். இரண்டு மாதத்தில் மகளே தம்பியைப் பிடித்து உட்கார வைக்கப் பழகிவிட்டாள்.

வேலை உடைகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். தனியாக, சூடான நீரில் துவைத்து, பிறகு இயந்திரத்தை ஒரு முறை வெறுமனே ஓட்டுங்கள். துவைக்கப் போடும் முன் எல்லாப் பைகளையும் வெளியே இழுத்துப் பாருங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எங்கள் மகன் ஒன்றரை வயதில் தரையில் உட்கார்ந்து எதையோ கையில் உருட்டிக்கொண்டிருந்தான். நீலப்பச்சை நிறம், மெழுகு போல வழவழப்பு, ஒரு மூலை மழுங்கியிருந்தது. வண்ண மெழுகுக் குச்சி என்றுதான் முதலில் நினைத்தேன். அது எலிக் கட்டியின் உடைந்த துண்டு. கணவரின் கால்சட்டைப் பையிலிருந்து விழுந்திருக்கிறது. அவன் கீழுதட்டில் பச்சையாக ஒரு கோடு.

விஷ முறிவு ஆலோசனை மையத்தைக் கூப்பிட்டேன். மூன்றே கேள்வி கேட்டார்கள்: மருந்தில் உள்ள வேதிப்பொருள் என்ன, எவ்வளவு உள்ளே போயிருக்கும், குழந்தையின் எடை என்ன. முதல் கேள்விக்கே என்னிடம் பதில் இல்லை. லேபிள் வண்டியில் இருந்தது, வண்டி இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது, கணவர் ஒரு மாடிப் பரணில் இருந்ததால் போன் எடுக்கவில்லை. நாற்பது நிமிடம் கழித்துத்தான் அது புரோடிஃபாக்கம் என்று தெரிந்தது. இந்த வகை மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும். உடனே எதுவும் வெளியே தெரியாது, ஓரிரு நாள் கழித்துத்தான் வேலை காட்டும். அதனால் இரண்டு நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தைப் பரிசோதித்தார்கள். சரியாக இருந்தது. அந்த இரண்டு இரவும் நாங்கள் தூங்கவில்லை.

2. காகிதங்களை மூன்று கோப்புகளாகப் பிரியுங்கள்

முதல் கோப்பு, தொழில் செய்யும் உரிமை. இதில் புதியவர்கள் குழம்புவது ஒரே இடத்தில்தான்: தொழில் பதிவு வேறு, மருந்து பயன்படுத்தும் லைசென்ஸ் வேறு, வன உயிர்களைக் கையாளும் அனுமதி வேறு. நச்சுப்புகை போடும் வேலைக்கு இன்னொரு தனி அனுமதி தேவைப்படலாம். ஒன்றை வாங்கிவிட்டு எல்லாம் முடிந்தது என்று விளம்பரம் போட்டுவிடாதீர்கள். அந்தந்தத் துறை அலுவலகத்தில் நேரில் போய், செய்யப்போகும் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, எதற்கு எது வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

காலத்தை மாதங்களில் கணக்கிடுங்கள். பயிற்சி, தேர்வு, விண்ணப்பம், ஆய்வு எல்லாம் சேர்ந்து எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் வீணாகப் போனதற்குக் காரணம், பயிற்சிச் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறு எழுத்துக்கூட்டலும் இருந்தது. விண்ணப்பிக்கும் முன் எல்லாத் தாளிலும் பெயர், முகவரி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் கைக்கு வரும்வரை இருவரில் ஒருவர் மாதச் சம்பள வேலையை விடாதீர்கள்.

இன்னொன்று, லைசென்ஸ் இருவர் பெயரிலும் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் தொழில் நின்றுவிடும். கர்ப்பமாக இருக்கும்போதும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் மருந்து கலக்குவதையும் அடிப்பதையும் மற்றவரிடம் விட்டுவிடுங்கள், மருத்துவரிடமும் உங்கள் தொழிலைச் சொல்லிவிடுங்கள். ஆய்வு செய்வது, ஓட்டை அடைப்பது, கணக்கு என்று வேலைக்குக் குறைவே இல்லை. நான் தேர்வு எழுதியது மகன் பால் மறந்த பிறகுதான்.

இரண்டாவது கோப்பு, இன்சூரன்ஸ். தலைப்பில் "பொறுப்புக் காப்பீடு" என்று இருந்தால் எல்லாம் அடங்கும் என்று நினைத்தோம். ஒரு வீட்டில் கரப்பானுக்கு பைரித்ராய்டு வகை மருந்து அடித்தோம். பக்கத்து அறையில் மீன் தொட்டி. காற்றுக் குழாயின் மோட்டாரை நிறுத்தவில்லை, தொட்டியை மூடவும் இல்லை. காலையில் எல்லா மீனும் செத்து மிதந்தது. தவறு எங்களுடையது. இந்த வகை மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம், மோட்டார் அறைக் காற்றை இழுத்துத் தண்ணீரில் விட்டிருக்கிறது. காப்பீட்டைக் கேட்டபோது, வேதிப்பொருள் பரவியதால் வரும் சேதம் இதில் சேராது என்று ஒரு வரியைக் காட்டினார்கள். முழுத் தொகையும் கையிலிருந்து போனது.

அதனால் கையெழுத்துப் போடும் முன் "விலக்குகள்" என்ற பகுதியை மட்டுமாவது வரி வரியாகப் படியுங்கள். மூன்று விஷயம் பாருங்கள்: மருந்தால் வரும் சேதம் சேருமா, வன உயிர் வேலை சேருமா, ஏணி, கூரை போன்ற உயரமான இடத்து வேலை சேருமா. பிரீமியம் கொஞ்சம் கூடும். கூடட்டும். வண்டிக் காப்பீட்டிலும் மருந்து ஏற்றிப் போகும் தொழில் வண்டி என்று குறிப்பிட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது கோப்பு வீட்டில் இருக்க வேண்டியது. எலிக் கட்டி சம்பவத்துக்குப் பிறகு வந்தது இது. நீங்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு மருந்தின் லேபிள் நகல், பாதுகாப்புத் தரவுத் தாள் (மருந்தின் ஆபத்துகளையும் முதலுதவியையும் சொல்லும் தாள்), இரண்டும் ஒரே கோப்பில். முதல் பக்கத்தில் விஷ முறிவு மையத்தின் எண், குழந்தை மருத்துவரின் எண், ஒவ்வொரு பிள்ளையின் எடை. எடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி எழுதுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வருபவருக்கு முதல் நாளே இந்தக் கோப்பைக் காட்டிவிடுங்கள். வண்டியிலும் ஒரு நகல்.

3. எந்த மருந்து வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைத் தொடாதீர்கள். ஈரக் காற்று பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளியாகும். சுவர் விரிசல் வழியாக அடுத்த வீட்டுக்குப் போய்த் தூங்கும் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது, பல நாடுகளில். இந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. குடியிருப்புகளில் பயன்படுத்தவே கூடாத பொருள். "நாலு மாத்திரை போட்டா முடிஞ்சுது" என்று கேட்கும் வாடிக்கையாளர் கட்டாயம் வருவார். அந்த வேலை வேண்டாம்.

புதிதாகத் தொடங்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது: ஜெல், பூட்டுள்ள எலிப் பெட்டி, பொறி, ஓட்டை அடைப்பு. இந்த நான்கையும் நன்றாகக் கற்றுக்கொண்டாலே போதுமான வேலை வரும். வீட்டுக்குள் வரும் நஞ்சும் குறையும். ஓட்டை அடைப்பில் நல்ல வருமானம் உண்டு, ஏனோ பலர் அதைக் கவனிப்பதில்லை. சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் இடத்தில் அதுவும் நுழையும் என்று வாடிக்கையாளரிடம் பென்சிலை வைத்துக் காட்டுங்கள். அந்த ஓட்டைகளை அடைக்காமல் எத்தனை கட்டி வைத்தாலும் புது எலி வந்துகொண்டே இருக்கும்.

கையுறை நைட்ரில் (ஒரு செயற்கை ரப்பர்) வகையாக இருக்கட்டும். துணியும் தோலும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தூசுக்கான முகக்கவசம் மருந்தின் ஆவியைத் தடுக்காது, அதற்கு லேபிளில் சொல்லியிருக்கும் வடிகட்டி உள்ள கவசம் தேவை.

4. வன உயிர் வேலையில் நாள் பார்த்து இறங்குங்கள்

கூரைக்குள் வௌவால் என்று போன் வந்தால், போன அன்றே அடைத்துவிடத் தோன்றும். முதலில் குட்டிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வௌவால் குட்டி பிறந்து சில வாரங்கள் பறக்காது. தாய் இரவில் இரை தேடி வெளியே போயிருக்கும்போது வழியை அடைத்தால், தாய் வெளியே, குட்டி உள்ளே. குட்டிகள் செத்து நாறும், தாய் எப்படியாவது உள்ளே வர வேறு ஓட்டையைத் தேடும், சில சமயம் அது படுக்கையறை ஜன்னலாக இருக்கும். குட்டி போடும் பருவம் முடியும்வரை காத்திருந்து, வெளியே போக மட்டும் முடிகிற ஒருவழிக் குழாய் வைத்து, எல்லாம் போனபின் அடைப்பதுதான் முறை. பல இடங்களில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அணில், பறவைக் கூடு எல்லாவற்றுக்கும் இதே விதி.

காத்திருங்கள் என்று சொன்னால் வாடிக்கையாளர் கோபப்படுவார். நான் காரணத்தை விளக்கி, தேதி குறித்து, சிறிய முன்பணம் வாங்கிக்கொள்வேன். பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்கிறார்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் இன்னும் சீக்கிரம் புரிந்துகொள்வார்கள்.

தூங்கும் குழந்தையின் அறையில் வௌவால் இருந்தது என்றால் கதை வேறு. அதை ஜன்னல் வழியே விரட்டிவிடச் சொல்லாதீர்கள். வௌவால் கடித்த இடம் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம், அது வெறிநோய் (ரேபிஸ்) பரப்பக்கூடிய உயிர். வெறும் கை படாமல் அதைப் பெட்டிக்குள் அடைத்து வைத்துவிட்டு, உடனே மருத்துவரையும் சுகாதாரத் துறையையும் கேட்கச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் இறங்கும் முன் நீங்கள் இருவரும் வெறிநோய்க்கான முன்தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் இரண்டு தவணை முறையைப் பரிந்துரைக்கிறது: முதல் நாள் ஒன்று, ஏழு நாள் கழித்து ஒன்று. போட்டிருந்தாலும், கடி பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். இந்தச் செலவைத் தொடக்க முதலீட்டிலேயே சேருங்கள். எலிப் புழுக்கை கிடக்கும் பரணைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கிருமிநாசினி கலந்த நீர் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, ஈரத்தோடு துடைத்தெடுங்கள். அந்தத் தூசு உங்கள் உடையில் ஏறி வீட்டுக்கு வரக் கூடாது.

5. மணிக்கணக்கில் விலை வையுங்கள்

நாங்கள் முதல் வருடம் மருந்தின் விலையைப் பார்த்து விலை சொன்னோம், நஷ்டப்பட்டோம். சாதாரண வீட்டு வேலையில் மருந்து சின்னச் செலவு. உங்கள் நேரம்தான் பெரிது.

மூட்டைப்பூச்சி வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டைகள் ஆறிலிருந்து பத்து நாளில் பொரிக்கும், பெரும்பாலான மருந்துகள் முட்டையைக் கொல்லாது. ஆகவே இரண்டு வாரத்தில் மறுபடி போக வேண்டும், சில வீடுகளுக்கு மூன்றாம் முறையும். முதல் முறை மூன்று மணி நேரம், போய் வர இரண்டு, இரண்டாம் முறை இரண்டு, மறுபடி போய் வர இரண்டு. மொத்தம் ஒன்பது மணி நேரம். அந்த ஒன்பது மணி நேரமும் யாரோ ஒருவர் உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் அல்லவா? அவருக்குக் கொடுக்கும் பணமும் இந்த வேலையின் செலவுதான். அதையும் சேர்த்துத்தான் விலை வைக்க வேண்டும். இரண்டாம் வருகையை "இலவசம்" என்று சொல்லாமல், "விலைக்குள் அடங்கியது" என்று எழுதிக் கொடுங்கள்.

கரப்பானும் அப்படித்தான். வீட்டுக்குள் பெருகும் சிறிய பழுப்புக் கரப்பானின் ஒரு முட்டைப் பையில் 30, 40 குஞ்சுகள் வரை இருக்கும். ஜெல் வைத்த மூன்றாம் வாரம் சில புதிதாகத் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "உங்க மருந்து வேலை செய்யல" என்று இரவு பத்து மணிக்குப் போன் வரும்.

வருட ஒப்பந்தங்களை முதல் நாளிலிருந்தே தேடுங்கள். வெப்பமும் மழையும் உள்ள மாதங்களில் வேலை குவியும், மற்ற மாதங்களில் குறையும், பள்ளிக் கட்டணம் மட்டும் சரியான தேதிக்கு வரும். மாதத்துக்கு ஒருமுறை போகும் கடைகள், கிடங்குகள் என ஏழெட்டு ஒப்பந்தம் இருந்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம். பெரும்பாலும் பகலிலேயே முடித்துவிடலாம் என்பதால் பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்துக்கும் பொருந்தும்.

6. யார் போனில், யார் பிள்ளைகளோடு

இருவரும் ஒரே நேரத்தில் வேலைக்குப் போகும் நாள் கூடாது. இது எங்கள் வீட்டில் மாறாத விதி. வாரத் தொடக்கத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுவோம்: இன்று இரவு போன் யாரிடம், நாளை பள்ளிக்கு யார். போன் இருப்பவர் கிளம்பினால் மற்றவர் எங்கும் போவதில்லை.

இரவு அழைப்புகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் பாம்பு, கொட்டும் குளவிக் கூட்டம், குழந்தை இருக்கும் அறையில் வன உயிர்: இவை உடனே. எலிச் சத்தம், வெளியே கூடு: காலையில். கரப்பான், எறும்பு, மூட்டைப்பூச்சி: அடுத்த வேலை நாளில். பாம்பு பிடிக்கப் பயிற்சியும் அனுமதியும் இல்லையென்றால் அது உள்ளவரின் எண்ணைக் கொடுத்துவிட்டு, "கண்ணை எடுக்காம தூரத்திலேயே நில்லுங்க, பிள்ளைகளை வெளியே கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லுங்கள்.

7. வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தாள்

வேலைக்கு முந்தின நாளே அனுப்புங்கள். பொம்மைகள், குழந்தை வாயில் வைக்கும் பொருட்கள் எல்லாவற்றையும் மூடி வைக்க வேண்டும். மீன் தொட்டியின் மோட்டாரை நிறுத்தித் தொட்டியை மூட வேண்டும், அல்லது தொட்டியை அப்புறப்படுத்த வேண்டும். பூனை இருக்கிறதா என்று கேளுங்கள், பெர்மெத்ரின் என்ற பைரித்ராய்டு மருந்து பூனைக்கு ஆகாது. எத்தனை மணி நேரம் கழித்து உள்ளே வரலாம் என்பதை லேபிளில் உள்ளபடி எழுதுங்கள். தவழும் குழந்தை இருந்தால் தரை முழுக்கக் காய்ந்த பிறகுதான். வேலை முடிந்ததும் எந்த மருந்து, எவ்வளவு, எந்த இடத்தில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கி ஒரு நகலை அவர்களிடம் கொடுங்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு நாள் யாராவது "என்ன மருந்து?" என்று கேட்கக்கூடும்.

8. பிள்ளைகளை வேலைக்கு அழைத்துப் போகலாமா

மருந்து உள்ள வேலைக்குக் கூடாது. பிள்ளைகளின் உடலுக்குக் கேடு செய்யும் வேலையை 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுப்பதை சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1999ஆம் ஆண்டு ஒப்பந்தம் தடுக்கிறது. சொந்தக் குடும்பத் தொழில் என்பதால் பூச்சி மருந்தின் குணம் மாறிவிடாது. "சும்மா டப்பாவை எடுத்துக் கொடுக்கத்தானே" என்பதும் கையாளுவதுதான்.

ஆனால் தொழிலிலிருந்து அவர்களை முழுக்க விலக்கவும் வேண்டாம். மகளுக்கு இப்போது பதினொரு வயது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் படங்களை நான் திறக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவாள். கரையானுக்கும் இறகு முளைத்த எறும்புக்கும் உள்ள வித்தியாசத்தை அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், முன் இறகு நீளம், கரையானுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடை ஒடுங்காது. போன வாரம் வந்த படத்தைப் பார்த்து எனக்கு முன்னால் அவளே சொன்னாள்: "எறும்புதான்மா, அவங்களைப் பயப்பட வேணாம்னு சொல்லு."